பதினேழாம் வாய்ப்பாடு

எங்கப்பா அடித்த அடியில்தான் நான் பி.எஸ்.சி. கணிதம் முடித்தேன் என்று ராசிங்காபுரத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். நம்ப வைத்தது எங்கப்பா விஜயபாண்டிதான். போடியில் ஏலக்காய் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் இந்தக் கதைதான்.

"எம் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரல. எடுத்தேன் புளிய விளாற. நான் எண்ண மாட்டேன். எத்தன அடின்னு அவதான் எண்ணணும். ஒண்ணு தப்புச்சுன்னா மறுபடி ஒண்ணுல இருந்து. அடிச்ச மாதிரியும் ஆச்சு, கணக்குப் படிச்ச மாதிரியும் ஆச்சு. இன்னைக்கு எங்க தெருவுலயே அவ ஒருத்திதான் டிகிரி."

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருப்பவர்கள் சிரிக்காமல் கேட்டுக்கொள்வார்கள்.

உண்மையில் அடி விழுகிற நாட்களில் எனக்கு இருந்த எண்களும் போய்விடும். ஒன்பதுக்கு அடுத்தது என்ன என்றே தெரியாது. மறுபடி ஒன்று. ஒரு நாள் நாற்பதுக்கு மேல் வாங்கியிருப்பேன். சரியாகச் சொல்ல முடியவில்லை. சரியாகச் சொல்ல முடிந்திருந்தால் அன்றைக்கே அடி நின்றிருக்கும். அவர் லோடு வண்டியோடு வெளியூர் போன நாட்களில்தான் எனக்குக் கணக்கு வந்தது. முதுகு தரையில் படாமல் குப்புறப் படுத்துக்கொண்டு நோட்டில் நானாகப் போட்டுப் பார்த்தேன். எங்கப்பா குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான் என்பது அப்போது தெரிந்தது. எங்கள் வீட்டில் நம்பி இருக்க முடிந்த ஒரே சங்கதி அதுதான். அதனால் அதைக் கட்டிக்கொண்டேன்.

டிகிரி வாங்கியும் வேலை கிடைக்கவில்லை. போடியில் ஒரு குடோனில் பகலெல்லாம் ஏலக்காய் பிரிக்கிறேன். பச்சை ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். சாயங்காலம் ஐந்தரைக்கு ஊர் மந்தைத் திடலில் இருக்கிற நாடக மேடையில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் உண்டு. காசு வாங்குவதில்லை. பதினாலு பிள்ளைகள். அதில் பாதிப் பேருடைய அம்மாக்கள் ஜீப்பில் மலையேறிக் காய் எடுக்கப் போகிறவர்கள்.

முதல் வாரம் ஒவ்வொரு அம்மாவும் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதையேதான் சொன்னார்கள்.

"கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிரு தாயி. நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன்."

"நான் தோல் யாவாரம் பாக்கலக்கா. அடிக்கிறதா இருந்தா வேற ஆள் பாருங்க" என்றேன். என்னமோ நான் கூச்சப்பட்டுச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கழித்துப்போட்ட காய்களைக் கொஞ்சம் கொண்டுவருவேன். ஏலக்காய்க்குள் மூன்று அறை இருக்கும். ஓர் அறையை மட்டும் பிரித்து அரிசியை, உள்ளே இருக்கிற கருப்பு விதையை, எண்ணச் சொல்வேன். ஆறு. அப்படியானால் முழுக் காயில் எத்தனை? பதினெட்டு என்று கத்துவார்கள். பிரித்து எண்ணினால் பதினேழுதான் இருக்கும். எந்த அறையில் ஒன்று குறைந்தது என்று பெரிய சண்டை நடக்கும். லிங்கேஸ்வரன் என்று நாலாவது படிக்கிற ஒரு வாலு. எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொண்டு, "ராணிக்கா, கணக்கத் தின்னுட்டேன். மீதி பூஜ்யம்" என்பான். என் பெயர் மகாராணி. அவர்களுக்கு ராணிக்கா.

அந்தப் பதினாலு பேரில் பவதாரணி மட்டும் எண்ணே சொல்ல மாட்டாள். மூன்றாவது படிக்கிறாள், எட்டு வயது. மற்றதெல்லாம் பேசுவாள். கணக்கில்லாத கேள்வியாகக் கேட்டால் நீட்டி முழக்குவாள். "எத்தனை" என்ற சொல் வந்ததும் உதடு ஒட்டிக்கொள்ளும். அவளுடைய அப்பா காசிமாயன் ஜீப் டிரைவர். அம்மா பொன்னுமணி அதே ஜீப்பில் ஏறி எஸ்டேட்டுக்குப் போகிறவள்.

அவள் வாயைத் திறக்கவைக்க ஜீப்பையே கொண்டுவந்தேன். மேடையில் சாக்பீஸால் போடிமெட்டு ரோட்டை வரைந்தேன். மலையடிவாரத்து முந்தலில் ஆரம்பித்துப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ஜீப்பாக ஓட வேண்டும். வளைவு வந்தால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து "ஓ" என்று கத்த வேண்டும். ஒன்பதாம் வளைவில் லிங்கேஸ்வரன் வாந்தி எடுப்பதுபோல நடிப்பான். பவதாரணிதான் டிரைவர். அப்பா மாதிரியே ஒரு முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு, எச்சில் துப்பி, கியர் போட்டு ஏறுவாள்.

"டிரைவரண்ணே, ஒரு தடவ ஏறுனா பதினேழு வளைவு. ஏறி எறங்குனா?"

"முப்பத்தி நாலு" என்றாள்.

தான் சொன்னது தெரியாமலேயே சொன்னாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். நான் கண்டுகொள்ளாத மாதிரி, "மூணாவது தடவையும் ஏறுனா?" என்று கேட்டேன். ஐம்பத்தொன்று. அந்த வாரத்துக்குள் அவள் ஐந்து தடவை, எண்பத்தைந்து வரை போய்விட்டாள். பெரிய பிள்ளைகளுக்கே தெரியாத பதினேழாம் வாய்ப்பாடு. வளைவு வளைவாகச் சாய்ந்துகொண்டே சொல்வாள். எனக்கு டிகிரி வாங்கிய அன்றைக்குக்கூட அப்படி இருந்ததில்லை.

அதைக் கெடுத்ததும் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் ஒரே கூச்சல். அடக்குவதற்காக மரஸ்கேலை எடுத்துத் தரையில் ஓங்கித் தட்டினேன். "நான் தட்டத் தட்ட எண்ணுங்க பாப்போம்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். நாலைந்து தட்டு தட்டியிருப்பேன். பவதாரணி எழுந்து நின்றாள். இரண்டு கையையும் புறங்கை மேலே தெரிய நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முனகினாள். பாவாடை நனைந்து காலில் வழிந்தது. மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை.

தண்ணீர்க் குழாய்க்குக் கூட்டிப்போய்க் கால் கழுவிவிட்டேன். கெண்டைக்காலில் பட்டை பட்டையாகத் தடம். ஒவ்வொரு பட்டையிலும் ஏணிப்படி மாதிரி குறுக்கே கோடுகள். எனக்கு என்னவென்று விளங்கவில்லை. பின்னாலேயே வந்த லிங்கேஸ்வரன்தான் சொன்னான்.

"ஜீப்பு இஞ்சின்ல சுத்துற ஃபேன் பெல்ட்டுக்கா. பழசு. பல்லு இருக்கும்ல, அந்தத் தடம். அவங்கப்பா அடிக்கையில இவளத்தான் எண்ணச் சொல்வாரு. தப்பா எண்ணுனா மொதல்லருந்து."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கைப்பக்குவம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காசிமாயனுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"எத?"

"எண்ணச் சொல்லி அடிக்கிறத."

"ஆமா. கேட்டான், சொன்னேன். எம் புள்ளையும் ஒங்க மகாராணி மாதிரி வரணும், என்ன பண்ணுனீகன்னான். ஒனக்குப் பலிச்சுச்சுல்ல?"

தட்டை எட்டி உதைத்தேன். குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. அவர் பழக்கத்தில் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். மூட்டை தூக்கித் தூக்கித் தேய்ந்த கை. இவ்வளவு லேசாகவா இருந்தது இது என்று தோன்றியது. முறுக்கினேன். அவருக்கு வலித்தது. எனக்குப் பிடித்திருந்தது. எங்கம்மா அன்னக்கொடி நடுவில் விழுந்து, "கதவச் சாத்துடி, தெருவே பாக்குது" என்றாள். அவளுக்கு எப்போதும் கதவுதான் கவலை.

மறுநாள் சாயங்காலம், சனிக்கிழமை, ஜீப் வந்து நின்றதும் பொன்னுமணியை மறித்தேன்.

"மதினி, இன்னொரு தடவ அந்தப் புள்ள மேல பெல்ட்டு பட்டுச்சு, புள்ளைகள அடிச்சாக் கூப்புடுற நம்பரு இருக்கு, பத்து ஒன்பது எட்டு, அதுக்கு போன் பண்ணிருவேன். ஆபீசருக வந்து அண்ணனக் கூட்டிட்டுப் போயிருவாக."

பொன்னுமணி தலையிலிருந்த தூக்குச்சட்டியை இறக்கவே இல்லை. "கூட்டிட்டுப் போகட்டும். வண்டிய யாரு ஓட்டுவா, நீயா? படிக்கட்டும்னுதான அடிக்கிறாரு. குடிச்சிட்டா அடிக்கிறாரு?" என்றாள். போனவள் திரும்பி நின்று, "ஒன்னைய அடிக்கலையாக்கும்?" என்றாள்.

நான் சொன்னதை அவள் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காசிமாயன் மேடைக்கு வந்தார். பவதாரணியின் மேல்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் பெல்ட். பின்னால் ஓடிவந்த பொன்னுமணி மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டாள்.

"என்னைய போலீசுல புடிச்சுக் குடுக்கப் போறியாமே? நீ என்னத்தக் கிழிக்கிறன்னு பாக்க வந்தேன். ரெண்டு மாசமா ஆட்டமும் பாட்டுமா இருக்கு. ஏய், ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

பவதாரணி என்னைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அண்ணே, அவளுக்குப் பதினேழு தெரியும்ணே. நீ ஓட்டுற வளைவு..."

"ஏழு தெரியாதவளுக்குப் பதினேழா?" பெல்ட் விழுந்தது. "எண்ணுடி."

"ஒண்ணு."

ஞாயிற்றுக்கிழமை. மந்தையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார்கள், எங்கப்பாவும்தான். யாரும் மேடை ஏறவில்லை. "பெத்தவன் அடிக்கிறான், நம்ம என்ன சொல்ல?" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பிள்ளைகள் பதின்மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"ரெண்டு."

நான் பெல்ட்டைப் பிடித்தேன். அவர் முழங்கையால் ஓர் இடி இடித்தார். மேடைத் தூணில் வாய் மோதிக் கீழுதடு கிழிந்தது. ரத்தம் கழுத்துக்கு வந்தது. பெல்ட்டை விடவில்லை. அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பில் பல் படுகிற வரை கடித்தேன். கத்திக்கொண்டு கையை உதறினார், பின்னால் போனார், படியில் கால் மடங்கி மேடையிலிருந்து உருண்டு விழுந்தார். புருவத்தில் கல் குத்திவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார். கணுக்கால் நிற்கவில்லை.

பெல்ட் என் கையில் இருந்தது.

அங்கேயே நின்றிருக்கலாம். நான் இறங்கினேன்.

"டெய்லி பதினேழு வளைவுல வண்டி ஓட்டுறல்ல? ஏழு தடவ ஏறுனா எத்தன வளைவு? சொல்லு."

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அடித்தேன். தோளில் விழுந்தது.

"சொல்லுடா. ஏழு பதினேழு எத்தன?"

மறுபடி அடித்தேன். கழுத்தில். அவர் பலத்துக்கு என் காலைப் பிடித்து இழுத்திருந்தால் நான் விழுந்திருப்பேன். அவர் இழுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார். புறங்கை மேலே தெரிய நீட்டினார்.

"மூணு" என்றார்.

நான் எண்ணச் சொல்லவில்லை. அவராக எண்ணினார். மகள் விட்ட இடத்திலிருந்து எண்ணினாரா, தனக்கு விழுந்ததைத் தப்பாக எண்ணினாரா, தெரியாது. குரல் முப்பத்தைந்து வயது ஆம்பிளையின் குரல் அல்ல. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு வாத்தியாரின் முன்னால் நின்ற பையனின் குரல். எனக்கு அது கேட்டது. நன்றாகக் கேட்டது. கேட்டும் ஓங்கினேன், விளாசினேன். அவருக்கா, எங்கப்பாவுக்கா என்று இப்போது பெரிய பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் கைக்குச் சுகமாக இருந்தது. அவ்வளவுதான்.

"மதி, மதி" என்று பொன்னுமணி கத்தினாள். போதும் என்பதற்கு எஸ்டேட்டில் பழகிய மலையாளம். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். உதறினேன்.

"ஏழு பதினேழு எத்தனடா?"

"நூத்திப் பத்தொம்போது!"

மேடை ஓரத்தில் பவதாரணி நின்றிருந்தாள். உடம்பு இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டிருந்தது. எண்பத்தைந்திலிருந்து மேலே இரண்டு தடவை மலையேறி வந்திருக்கிறாள், அழுதுகொண்டே.

"நூத்திப் பத்தொம்போது ராணிக்கா! நான் சொல்லிட்டேன்ல, எங்கப்பாவ விட்டுரு! நூத்திப் பத்தொம்போது!"

கை நின்றது.

பிறகு எங்கப்பா கையைத் தட்டினார்.

"பாத்தீகளா? அடி விழுகவும் வந்துச்சா இல்லையா? பதினேழாம் வாய்ப்பாடுடா! எம் மகடா!"

இரண்டு பேர் விசிலடித்தார்கள்.

காசிமாயன் போலீசுக்குப் போகவில்லை. பொம்பளையிடம் அடி வாங்கினேன் என்று எந்த ஆம்பிளை எழுதிக்கொடுப்பான்? அவர் கணுக்காலில் மாவுக்கட்டு. ஜீப்பில் போகிற பெண்கள் திங்கட்கிழமை வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கீழுதட்டில் நாலு தையல்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேடைக்குப் போனேன். இருபத்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டிபுரத்திலிருந்துகூட ஒருத்தர் டூவீலரில் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். நான் உட்காருகிற இடத்தில் ஒரு கட்டுக் குச்சி. புளிய விளாறு, மூங்கில் பட்டை, ஒன்றுக்குக் கைப்பிடியில் துணிகூடச் சுற்றியிருந்தார்கள்.

"ஒரே அடில பதினேழாம் வாய்ப்பாட்ட வரவச்சிட்டியாமே தாயி" என்றாள் ஓர் அம்மா. "இத்தன நாளு சும்மா வெளையாட்டுக் காட்டிட்டிருந்திருக்க."

"நான் செஞ்சது தப்பு. தூக்கிட்டுப் போங்க இத" என்றேன். தையல் இழுத்ததில் வார்த்தை குழறியது. கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நகர்ந்தார்கள். குச்சிகளை முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக ஒடித்துக் கீழே எறிந்தேன். ஒவ்வொன்று ஒடியும்போதும் முன்வரிசைப் பிள்ளைகள் கண்ணை இறுக மூடித் திறந்தார்கள்.

எல்லாரும் கைகட்டி நேராக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருநாளும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. ஏலக்காயை நடுவில் கொட்டினேன். யாரும் எடுக்கவில்லை. லிங்கேஸ்வரனிடம், "டேய், எண்ணித் தின்னுடா" என்றேன். ஓர் அறையைப் பிரித்தான். "ஆறு" என்றான். மொத்தம் எத்தனை என்றதும், "பதினெட்டுக்கா" என்று சொல்லிவிட்டு மீதியைப் பிரிக்காமல் கீழே வைத்துவிட்டான். பிரித்துப் பார்த்துத் தப்பாகிப்போனால் என்ன ஆகும் என்ற பயம் அவன் முகத்தில் இருந்தது. சாக்பீஸ் எடுக்கக் கையை நீட்டினேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆறு வயசுச் சின்னஞ்சிறுசு, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டது.

வகுப்பை அனுப்பிவிட்டேன். பவதாரணி வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை குடோனுக்கு லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது என்று எங்கம்மா சொன்னாள். "அங்க ஒனக்கு என்ன சோலி? வெட்டிப் போட்டுருவாக" என்றாள். வெட்டினால் வெட்டட்டும் என்று போனேன். வாசலில் ஜீப் நின்றிருந்தது. பொன்னுமணி எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தால், காசிமாயன் கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். பவதாரணி ஸ்கூலுக்குப் போகவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து மாவுக்கட்டின் மேல் பேனாவால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். வளைந்து வளைந்து முழங்கால் வரை ஏறுகிற கோடு. முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எண்தான். தப்பாகப் போனபோது, "அய்யய்யே, வண்டி பள்ளத்துல விழுந்திருச்சு" என்று சொல்லிச் சிரித்து, எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். காசிமாயன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் நிழல் உள்ளே விழுந்தது. காசிமாயன் நிமிர்ந்தார். முதலில் அந்தக் கட்டுப்போட்ட காலைத்தான் உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகுதான் முறைத்தார்.

"இன்னும் என்ன?" என்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேண்ணே." அதற்கு மேல் வரவில்லை. ஒரு மனுஷனிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை.

காசிமாயன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பவதாரணி எழுந்து வாசலுக்கு வந்தாள். நிலையில் இரண்டு பக்கமும் கையை வைத்து வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். என் உதட்டுத் தையலைப் பார்த்தாள்.

"கையக் காட்டு" என்றாள்.

காட்டினேன்.

"திருப்பு."

திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். துப்பட்டாவை இழுத்துப் பார்த்தாள். ஒரு கையை மட்டும் நிலையிலிருந்து எடுத்தாள்.

"உள்ள வா. ஆனா எங்கப்பாகிட்டக் கணக்குக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"எங்கிட்டயும் கேக்கக் கூடாது. நானாச் சொன்னாச் சொல்வேன்."

"சரி" என்றேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கதவோரமாக, அவர் காலுக்கு எட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் மறுபடி பேனாவை எடுத்தாள்.